டால்பின் காரை வீட்டில் புதுப்பிக்கிறவர்களுக்கு: ஃபைபர் பாடி வேலை எங்கெங்கே காலை வாரும்

பெங்களூரில் 1980களில் தயாரான சிபானி டால்பின் இன்னும் சில வீடுகளின் பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை அடிப்படையாக வைத்து இங்கே செய்த வண்டி அது. 848 சிசி அலுமினிய எஞ்சின், இரும்பு சேஸிஸ், அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்த்திய ஃபைபர் பாடி. எடை குறைவு என்பதால் சோழவரம் பந்தயங்களில்கூட ஓடிப் பெயர் வாங்கியது. அதை, அல்லது அதன் நாலு கதவு வடிவமான மான்டனாவை, வீட்டிலேயே புதுப்பிக்கும் வேலை பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தகர பாடிக்குப் பழகிய கை, அதே பழக்கத்தில் ஃபைபரைத் தொட்டுவிடுகிறது. தகரத்தில் தப்பு செய்தால் உடனே தெரியும். ஃபைபரில் செய்த தப்பு மூன்று மாதம் கழித்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு மேலே வரும்.

வேலை நடக்கிற வரிசையிலேயே கீழே சொல்லியிருக்கிறது. எந்தக் கட்டத்தில் எது தடுக்கும், ஏன் தடுக்கும் என்பதும் அந்தந்த இடத்திலேயே இருக்கிறது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

முதலில் காகித வேலை. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் தேடிப் பாருங்கள். சேஸிஸ் எண் பதித்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் துரு சுரண்டும்போதோ மணல் அடிக்கும்போதோ அந்த எண் மங்கிப்போனால், புதுப்பித்த வண்டியைப் பதிவு செய்வது பெரும்பாடு. அந்த இடத்தில் டேப் ஒட்டி மூடிவிட்டு வேலை செய்தால் போதும்.

2021இல் வந்த விதிப்படி, பதிவாகி 50 ஆண்டு ஆன வண்டிதான் விண்டேஜ் வகையில் சேரும். டால்பினுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. ஆகவே 15 ஆண்டு தாண்டிய மற்ற கார்களைப் போலத் தகுதிச் சோதனை முடித்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். வேறு நிறம் அடிக்க ஆசை இருந்தால் அதையும் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு பாடி முழுக்க ஒரு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் மொத்தையாக, அட்டையைத் தட்டினாற்போல ஒலிக்கும். பழைய பட்டி தடிமனாக இருக்கும் இடமும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒலிக்கும். இரண்டையும் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள், உரித்துப் பார்க்கும்போது எது எதுவென்று தெரிந்துவிடும்.

விரிசல்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் ஓடினால், உள்பக்கமிருந்து ஏதோ இடித்திருக்கிறது, அல்லது அங்கே ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் விரிசல், அந்த இடம் ஓட்டத்தில் வளைந்து வளைந்து நிமிர்ந்ததால் வந்தது. பின்பக்கம் போய் விளக்கடித்துப் பாருங்கள். பின்னால் கோடு தெரியாவிட்டால் மேலே உள்ள ஜெல்கோட், அதாவது இழை இல்லாத வெளி ரெசின் பூச்சு மட்டும்தான் வெடித்திருக்கிறது. பின்னாலும் வெள்ளைக் கோடு ஓடினால் கண்ணாடி இழையே முறிந்திருக்கிறது, அதற்குப் பட்டி போட்டு மூடினால் நிற்காது.

பாடியைத் தூக்குதல்

ஃபைபர் துருப்பிடிக்காது. அதற்கு அடியில் இருக்கும் சேஸிஸ் பிடிக்கும். பாடியும் சேஸிஸும் சேரும் இடுக்குகளில் சேறும் தண்ணீரும் வருஷக்கணக்கில் தங்கியிருக்கும். மேலே பளபளக்கும் பாடியைப் பார்த்துவிட்டு அடிப்பகுதியைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவதுதான் முதல் பெரிய தப்பு. பாடியைத் தூக்காமல் சேஸிஸை ஒழுங்காகச் சோதிக்க முடியாது.

தூக்குவதற்கு முன் இரண்டு கதவு வாசலிலும் மூலைக்கு மூலை அளந்து எழுதிவையுங்கள். பிறகு அரை அங்குல சதுரக் குழாயையோ மரச்சட்டத்தையோ வாசலுக்குக் குறுக்கே போல்ட் போட்டு இறுக்குங்கள். சேஸிஸிலிருந்து பிரிந்த ஃபைபர் பாடி தன் எடைக்கே தொய்யும். ஒரு மாதம் தொய்ந்த நிலையில் கிடந்தால் அப்படியே பழகிவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது. தூக்கிய பாடியை இறக்கி வைக்கிற ஸ்டாண்டிலும், முன்பு போல்ட் இருந்த அதே இடங்களில்தான் தாங்கல் கொடுக்க வேண்டும்.

பாடி போல்ட்டுகளில்தான் முதல் தடை வரும். நட்டையோ அதைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டையோ ஃபைபருக்குள் பதித்திருப்பார்கள். போல்ட் துருவேறி இறுகியிருந்தால், ஸ்பேனர் போட்டுத் திருப்பும்போது நட்டும் சேர்ந்து உள்ளேயே சுற்றும். சுற்றச் சுற்ற ஃபைபர் பொடியாகி ஓட்டை பெரிதாகும். ஆகவே நாலைந்து நாளைக்கு முன்பே காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். திருப்பும்போது அசைவு மென்மையாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போல்ட் இளகிவிட்டதா, நட் சுற்றுகிறதா என்று கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள். நட்தான் சுற்றுகிறது என்றால், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஹேக்ஸா பிளேடை நுழைத்து போல்ட்டை அறுப்பதே நல்லது. கேஸ் நெருப்புக் காட்டவே கூடாது. ஃபைபரில் கண்ணாடி இழையைப் பிடித்திருக்கும் பாலியெஸ்டர் ரெசின் எரியும், எரியாவிட்டாலும் சூடுபட்ட இடம் பலமிழக்கும்.

பதித்த இரும்பு துருப்பிடித்தால் ஊதும். ஊதும்போது சுற்றியுள்ள ஃபைபரைப் பிளக்கும். கீல் இடங்களிலும் சீட் பெல்ட் இடங்களிலும் இதைக் கட்டாயம் பாருங்கள். துருப்பிடித்த தகட்டின் மேலேயே மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டி மூடினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்து, சுற்றிலும் புதிதாக அடுக்குப் போட வேண்டும்.

பெயின்ட் உரித்தல்

தகர பாடிக்குப் பயன்படுத்தும் பெயின்ட் ரிமூவரை இங்கே தொடவே வேண்டாம். அது பெயின்ட்டோடு ஜெல்கோட்டையும் இளக்கும், நுண்துளைகளில் தங்கும், பிறகு புதுப் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கும். மணல் அடிப்பதும் கூடாது, ஒரே வீச்சில் ஜெல்கோட் போய் இழை வெளியே வந்துவிடும். ஹீட் கன்னும் ஆபத்துதான்.

மிஞ்சுவது உப்புத்தாள். 80 நம்பரில் தொடங்கி, ஜெல்கோட் நெருங்கியதும் 120, பிறகு 180 என்று மாறுங்கள். பல அடுக்குப் பெயின்ட் இருந்தால், அகலமான பிளேடைப் படுக்கை வாட்டத்தில் பிடித்துச் சுரண்டினால் தகடு தகடாக வரும். பாடி முழுக்க இப்படி உரிக்கப் பல நாள் பிடிக்கும், அவசரப்பட்டுக் கிரைண்டரை எடுத்தால் குழி விழும்.

தூசிக்கான பாதுகாப்பு: முகத்தோடு இறுகும் ஃபில்டர் மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. துணியைக் கட்டிக்கொண்டு தேய்ப்பது பாதுகாப்பே இல்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி குறையும், ஆனால் இழை வெளியே தெரியும் இடங்களில் தண்ணீர் வேண்டாம். வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீர் பட்டால் அரிப்பு கூடும்.

உரித்த பாடியை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். விரிசல் வழியே போன ஈரம் உள்ளேயே இருந்தால், ஒட்டும் பிடிக்காது, பெயின்ட்டும் பொங்கும்.

ரெசின் கலவை

அடிக்கடி தவறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஃபைபர் பொருள் விற்கும் கடையில் நாலு சாமான் வாங்குவீர்கள்: பாலியெஸ்டர் ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர், இறுகுவதை முடுக்கும் கோபால்ட், மேட். கோபால்ட் ஏற்கனவே கலந்த ரெசினும் உண்டு, கலக்காததும் உண்டு. கலந்தது பெரும்பாலும் லேசான ஊதா அல்லது இளஞ்சிவப்புச் சாயலில் இருக்கும், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் கடைக்காரரிடம் கேட்டு டப்பாவில் எழுதி வையுங்கள். கலக்காத ரெசினில் வெறும் ஹார்டனரை ஊற்றிவிட்டு 'ரெசின் இறுகவே இல்லை' என்று தவிப்பது புதியவர்களுக்கு வழக்கமாக நேர்வது.

கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அளவுக் குப்பியைக்கூட இரண்டுக்கும் பயன்படுத்தக் கூடாது, இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவும் கூடாது. முதலில் ரெசினில் கோபால்ட்டை விட்டு, சீராகக் கலந்த பிறகே ஹார்டனர். கோபால்ட்டின் அளவு அதன் செறிவைப் பொறுத்து மாறும், வாங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணாடி போடாமல் அந்தக் குப்பியைத் திறக்காதீர்கள்.

அளவு இப்படி: மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின். ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் ஹார்டனர். ஓர் அடிக்கு ஓர் அடி, அதாவது 30 செ.மீ. சதுர ஒட்டு, 450 கிராம் மேட் மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். 450 கிராம் என்பது சதுர மீட்டருக்கான எடை. 0.3ஐ 0.3ஆல் பெருக்கினால் 0.09 சதுர மீட்டர், மூன்று அடுக்குக்கு 0.27, மேட்டின் எடை சுமார் 120 கிராம். ரெசின் 300 கிராம். 1 சதவீதம் என்றால் ஹார்டனர் சுமார் 3 மில்லி. சமையலறைத் தராசு ஒன்றும், ஊசி கழற்றிய 5 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றும் தனியாக வாங்கிவையுங்கள். மூடியால் அளப்பது, கண் மதிப்பில் ஊற்றுவது எல்லாம் வேண்டாம்.

வெயில்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். 35 டிகிரியில் ரெசின் மடமடவென்று இறுகும். மேட்டில் பாதி தடவுவதற்குள் மக்கில் உள்ளது ஜெல்லி ஆகிவிடும். அதற்காக ஹார்டனரை 1 சதவீதத்துக்குக் கீழே குறைத்தால் ரெசின் முழுதாக இறுகாது, தொட்டால் கெட்டியாக இருக்கும், பலம் இருக்காது. சரியான வழி, காலை ஆறு ஆறரைக்கு வேலையைத் தொடங்கி, ஒரு தடவைக்கு 200, 300 கிராமுக்கு மேல் கலக்காமல் இருப்பது. ஒவ்வொரு புது டப்பாவுக்கும் 100 கிராம் மட்டும் கலந்து, எத்தனை நிமிடத்தில் ஜெல்லியாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மழை நாளில், காற்று நசநசவென்று இருக்கும்போது, அடுக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

மீந்த ரெசினை மக்கிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். குவியலாகக் கிடந்தால் தன் சூட்டிலேயே புகையும், பக்கத்தில் அசிட்டோன் (ரெசினைத் துடைக்கும் கரைப்பான்) துணி இருந்தால் தீப்பிடிக்கும். வெட்டவெளியில் ஒரு பழைய தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஊற்றிவிடுங்கள்.

முறிந்த இடத்தில் ஒட்டு போடுதல்

பழைய ஃபைபரோடு புது ரெசின் வேதியியல் முறையில் சேராது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். எனவே தேய்ப்புதான் ஒட்டின் உயிர். விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்துங்கள். பின்பக்கம் 36 நம்பர் டிஸ்க்கால் சரிவாகத் தேயுங்கள். தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும். பாடி 3 மி.மீ. என்றால் விரிசலின் இரண்டு பக்கமும் தலா 36 மி.மீ. இது அதிகம் போலத் தோன்றும், குறைத்தால் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி விரியும். தேய்த்த இடம் மினுமினுப்பே இல்லாமல் சாம்பல் பூத்தாற்போல இருக்க வேண்டும். அசிட்டோன் துணியால் ஒரு தடவை துடைத்து, பத்து நிமிடம் முழுக்க ஆறவிடுங்கள்.

மேட்டைக் கத்திரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பது நல்லது, ஓரம் மெலிந்து பழையதோடு கலக்கும். பெரிய துண்டு முதலில், சிறியது மேலே. அப்போதுதான் அகலமான முதல் துண்டு முழுப் பரப்பிலும் பழைய ஃபைபரைப் பிடிக்கும். முதலில் தேய்த்த இடத்தில் ரெசினைத் தடவி, அதன் மேல் மேட்டை வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்துத் தடவினால் இழை கலைந்து பிரஷ்ஷோடு வந்துவிடும். வெள்ளையாக இருந்த மேட் நனைந்து, அடியில் உள்ளது தெரிகிற அளவுக்குக் கண்ணாடி போல ஆகும், அதுதான் அடையாளம். வெள்ளை மிஞ்சினால் அங்கே ரெசின் போகவில்லை. பிறகு வரி ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். 450 கிராம் மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தரும். மூன்று நாலு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் போட வேண்டாம். சூடேறி ஒட்டு சுருங்கும், முன்பக்கப் பரப்பையும் உள்ளிழுக்கும்.

பின்பக்கம் இறுகிய பிறகு முன்பக்க விரிசலை வி வடிவில் திறந்து, ரெசினில் நறுக்கிய இழை கலந்த பசையால் நிரப்புங்கள். வெறும் பட்டி கூடாது.

எப்பாக்ஸி பற்றி ஒரு வார்த்தை. பழைய ஃபைபரை அது பாலியெஸ்டரைவிட நன்றாகப் பிடிக்கும், கீல், ஸ்டீயரிங் பக்க இடங்களுக்கு அதையே சிபாரிசு செய்வோம். ஆனால் சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்ஸியில் கரையாது. மேட் விறைத்து நிற்கும். எப்பாக்ஸிக்கு நெய்த கண்ணாடித் துணிதான் வேண்டும். அதன் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் பூசினால் ஒழுங்காக இறுகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒட்டு போட்டு மறுநாளும் மேலே பிசுபிசுத்தால் பயப்பட வேண்டாம், காற்றுபடும் பரப்பு அப்படித்தான் இருக்கும். அசிட்டோனால் துடைத்துவிட்டுத் தேய்க்கலாம். கடைசி அடுக்கின் மேல் வழவழப்பான பாலியெஸ்டர் தாளை ஒட்டி மூடிவைத்தால் பிசுக்கே வராது. ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் போல உள்ளே போகிறது, ஒரு வாரம் ஆகியும் அப்படியே இருக்கிறது என்றால் ஹார்டனர் போதவில்லை, அல்லது ரெசின் பழசு. அதன் மேல் எதைப் பூசியும் காப்பாற்ற முடியாது. முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்துதான் போட வேண்டும். வலிக்கும், ஆனால் பெயின்ட்டுக்கு அப்புறம் உரிப்பதைவிட இப்போது உரிப்பது மேல்.

பாடி இல்லாத நாட்களில் எஞ்சின்

பாடி வெளியே இருக்கும்போதே சேஸிஸ் வெல்டிங், பிரேக் குழாய், எஞ்சின் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அந்த அலுமினிய எஞ்சினில் ஹெட், ஸ்டட்டுகளோடு அரித்து ஒட்டிக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் ஹெட்டின் பரப்பு காயப்படும். எண்ணெய் ஊறவிட்டுப் பொறுமையாக எடுங்கள். ஹெட் கழன்ற பிறகு, லைனர்களை, அதாவது பிஸ்டன் ஓடும் குழாய்களை, வாஷரும் நட்டும் போட்டு அமுக்கிப் பிடிக்காமல் கிராங்க்கைச் சுற்றாதீர்கள். லைனர் மேலே எழும்பினால் அடி சீல் கெட்டு, தண்ணீர் எண்ணெயில் கலக்கும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கூலன்ட்தான்.

கதவு முதலில், பெயின்ட் பிறகு

பாடியைத் தனியாக வைத்தே பெயின்ட் அடித்துவிட்டு, சேஸிஸில் ஏற்றிய பிறகு கதவு இடிப்பதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. பாடியின் வடிவத்தை முடிவு செய்வது சேஸிஸ்தான். ஆகவே பாடியை ஏற்றி, புது ரப்பர் வைத்து, போல்ட்டுகளை இறுக்கி, கண்ணாடி, பூட்டு, பீடிங் (கதவு ஓர ரப்பர்) எல்லாம் போட்ட நிலையில் கதவை மூடிப் பாருங்கள். புது பீடிங் தடிமனாக இருக்கும், அது இல்லாமல் பார்த்த இடைவெளிக்கு அர்த்தமில்லை. முன்பு எழுதிவைத்த மூலை அளவுகளோடு ஒப்பிட்டு, பாடி ரப்பருக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். கதவின் ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்வது கடைசி வழி.

பட்டி 3 மி.மீ. தடிப்பைத் தாண்ட வேண்டாம். பட்டியின் ஹார்டனர் 2 சதவீதம். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் பிழிந்தால், அந்த நிறம் பெயின்ட்டையும் தாண்டி மேலே கறையாக வரும். பிரைமர் அடித்ததும் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும். அவற்றின் மேல் மறுபடி பிரைமரை அடித்தால் மூடாது, மெல்லிய பட்டியைப் பிளேடால் அழுத்தி நிரப்புங்கள்.

இங்கே ஒரு மாதம் பொறுங்கள். புது ஒட்டு வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். முழுதாகச் சுருங்கும் முன் பெயின்ட் அடித்தால், பளபளப்பில் ஒட்டின் ஓரமும் மேட்டின் இழை அச்சும் தெரியும். பிரைமர் அடித்த காரை பகல் வெயிலில் நிறுத்துங்கள், வேண்டிய மட்டும் சுருங்கட்டும். பிறகு 320இல் சமன்படுத்தி, 600 வரை போய், மேல் பூச்சு. வீட்டில் 2கே பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்) பெயின்ட் அடிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. பெயின்ட் பூத்துக்குக் கொடுத்துவிட்டு, 'இது ஃபைபர், 60 டிகிரிக்கு மேல் சூடு வைக்காதீர்கள்' என்று வாயாலும் சொல்லி, காகிதத்தில் எழுதியும் ஒட்டிவிடுங்கள்.

ஒயரிங்கும் முதல் ஓட்டமும்

தகர காரில் பாடியே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. இன்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் மினுக்குவது, பிரேக் மிதித்தால் பின்விளக்கு மங்குவது, பெட்ரோல் முள் எழும்பாமல் கிடப்பது எல்லாம் எர்த் கோளாறு, பல்பை மாற்றிப் பயனில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் தடித்த எர்த் கேபிள்கள் போடுங்கள். பிறகு முன்னே ஒன்று, டேஷ்போர்டுக்குப் பின்னே ஒன்று, டிக்கியில் ஒன்று என்று மூன்று பித்தளை ஸ்டட் வைத்து, அவற்றை 2.5 சதுர மி.மீ. கறுப்பு ஒயரால் சேஸிஸோடு இணையுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் பெட்ரோல் டேங்க் மிதவைக்கும் அருகிலுள்ள ஸ்டட்டிலிருந்து தனி எர்த்.

வண்டி ஓடத் தொடங்கி 100 கிலோமீட்டர் ஆனதும் பாடி போல்ட்டுகளை மறுபடி பாருங்கள். புது ரப்பர் அமுங்கி லேசாகத் தளர்ந்திருக்கும். ரப்பர் சற்றே பிதுங்கும் வரை இறுக்கினால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் அந்த இடத்தில் மீண்டும் நட்சத்திர விரிசல் விழும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஃபைபர் பக்கம் அகலமான வாஷர் இருக்கிறதா என்று சாய்ந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.